டிரைவ் தெரிகிறது, திறக்க அனுமதி இல்லையா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரையும் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் நம்முடையது, காசு கொடுத்து வாங்கியவர் நாம், உள்ளே இருக்கும் பைல்களும் நாம் சேர்த்தவை. ஆனால் டிரைவை கிளிக் செய்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது கம்ப்யூட்டர். சில நேரம் பைல் திறக்கும், மாற்றி சேவ் செய்ய முடியாது. சில நேரம் அப்பாவின் பெயரில் லாக்-இன் செய்தால் திறக்கும் டிரைவ், மகளின் பெயரில் லாக்-இன் செய்தால் திறக்காது.

இந்தக் குழப்பம் இப்போது அதிகமாகியிருக்கிறது. காரணம், விண்டோஸ் 10க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் தேவை. பழைய கம்ப்யூட்டர்களில் பல இந்தத் தேர்வில் தேறவில்லை. எனவே பலர் புது கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டுகிறார்கள். வேறு சிலர் பழைய கம்ப்யூட்டரிலேயே உபுண்டு போன்ற லினக்ஸ் போடுகிறார்கள். இரண்டு வழியிலும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இந்த அனுமதிதான்.

இதைச் சரி செய்வது கடினம் இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் கை வைத்தால் பைல்கள் போய்விடும். எனவே முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

மவுண்ட் என்றால் என்ன?

விண்டோஸில் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எழுத்து உண்டு. சி, டி, இ என்று வரிசையாக இருக்கும். (ஏ, பி இரண்டும் அந்தக் கால பிளாப்பி டிரைவுக்காக ஒதுக்கப்பட்டவை.) ஒவ்வொரு டிரைவும் தனி வீடு மாதிரி.

லினக்ஸில் எழுத்துகள் இல்லை. எல்லாமே ஒரே வீடு. நீங்கள் ஒரு டிஸ்க்கைச் செருகினால், அந்த வீட்டில் இருக்கும் ஒரு போல்டரோடு அதை இணைத்து வைக்கும். இப்படி இணைப்பதற்குத்தான் மவுண்ட் என்று பெயர். காலி போல்டர் ஒன்று வாசலாக நிற்கும். டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்த வாசல் வழியாக டிஸ்க்கின் உள்ளே போகலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, மவுண்ட் செய்தவர் யார், என்ன நிபந்தனையில் செய்தார் என்பது. அதைப் பொறுத்துத்தான் மற்றவர்கள் உள்ளே போக முடியுமா, எழுத முடியுமா என்பது முடிவாகிறது.

உரிமையாளர், குழு, மற்றவர்கள்

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ், 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அப்போது ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் பைலை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது. அதற்காக வகுத்த முறையே இன்றும் நடக்கிறது.

ஒவ்வொரு பைலுக்கும் போல்டருக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு, இவர்கள் தவிர மற்றவர்கள் உண்டு. இந்த மூவருக்கும் தனித்தனியாக மூன்று அனுமதிகள்: படிக்க, எழுத, இயக்க. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று எண் கொடுத்துக் கூட்டிக்கொள்வார்கள். 755 என்றால் உரிமையாளருக்கு 4+2+1, அதாவது எல்லா அனுமதியும். குழுவுக்கும் மற்றவர்களுக்கும் 4+1, அதாவது பார்க்கலாம், மாற்ற முடியாது. போல்டரைப் பொறுத்தவரை "இயக்க" என்பதற்கு "உள்ளே நுழைய" என்று பொருள்.

உரிமையாளரை லினக்ஸ் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரின் எண் 0. உபுண்டு போடும்போது முதலில் உருவாக்கும் யூசரின் எண் 1000. அடுத்தவர் 1001. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

விண்டோஸிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு யூசருக்கும் ஒரு நீளமான அடையாள எண் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் நீங்கள் வைத்திருந்த பெயரையே புதிய கம்ப்யூட்டரிலும் வைத்தாலும், அடையாள எண் வேறு. எனவே பழைய டிஸ்க்கைப் பொறுத்தவரை நீங்கள் முன்பின் தெரியாத ஆள்.

காஞ்சிபுரத்தில் நடந்தது

எங்கள் ஊர் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையம் பக்கம் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுத் தருபவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கம்ப்யூட்டரின் டி டிரைவில் பதினைந்து வருட டிசைன்கள் இருந்தன.

பட்டு டிசைன் பைல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு கட்டம் போட்ட கிராப் தாளில் அன்னத்தையும் மயிலையும் யாளியையும் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டையில் துளை போடுவார்கள். ஊடை இழை ஒன்றுக்கு ஓர் அட்டை. அந்த அட்டைகளைக் கோத்து, தறிக்கு மேல் உள்ள ஜக்கார்ட் பெட்டியில் மாட்டுவார்கள். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜக்கார்ட் உருவாக்கிய முறை இது. இதே துளை அட்டை யோசனையைத்தான் ஹோலரித் என்பவர் 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தினார். நாம் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்குத் தறியும் ஒரு பாட்டன் என்று சொல்லலாம். இப்போது கிராப் தாளின் இடத்தில் திரையில் உள்ள புள்ளிகள் வந்துவிட்டன. ஒரு பார்டர் டிசைனைப் புள்ளி புள்ளியாகத் திருத்தப் பல நாள் ஆகும். அது தொலைந்தால் அந்த உழைப்பும் தொலைந்தது.

அவர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, உபுண்டு இரண்டும் உண்டு. டிசைன் சாப்ட்வேர் விண்டோஸில் ஓடும். அப்டேட் நின்றுவிட்டதால் இன்டர்நெட், மெயில் வேலைகளுக்கு உபுண்டு. கடைக்காரர்கள் அனுப்பும் முந்தானைப் படங்களை உபுண்டுவில் இறக்கி, டி டிரைவில் போட்டு வைக்கப் பார்த்தார். போடவே முடியவில்லை. பழைய பைல்கள் திறக்கின்றன, புதிதாக ஒன்றும் சேவ் ஆகவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் சரி செய்து தருகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பெர்மிஷன் போயிடுச்சு. பார்மட் பண்ணினாத்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டார்.

"தம்பி, பார்மட்னா எல்லாம் அழிஞ்சிடும்ல? முகூர்த்தப் புடவை ஆர்டர் ரெண்டு நிக்குது" என்றார் டிசைன்காரர்.

"அழிஞ்சிடும்ணே. பார்மட் எதுவும் வேண்டாம், நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன்.

அந்த டிரைவில் இருந்த கோளாறு பெரியதல்ல, ஐந்து நிமிடத்தில் சரியானது. என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அனுமதி இல்லை என்ற செய்திக்கு பார்மட் ஒருபோதும் மருந்து அல்ல. "டிஸ்க்கை பார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டரே கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரணத்தைத் தேடுங்கள். படிக்க முடிகிற டிரைவாக இருந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன் முக்கியமான பைல்களை இன்னொரு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்.

விண்டோஸில் பழைய டிஸ்க் திறக்காவிட்டால்

போல்டரை டபுள் கிளிக் செய்ததும் அனுமதி இல்லை என்று ஒரு விண்டோ வரும். அதில் கன்டினியூ என்ற பட்டனைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே திறந்துவிடும். பைல்கள் அதிகமாக இருந்தால் சிறிது நேரம் ஆகும்.

திறக்காவிட்டால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

1. போல்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள்.
2. செக்யூரிட்டி டேபில் அட்வான்ஸ்ட் என்பதைத் தட்டுங்கள்.
3. மேலே ஓனர் என்ற வரி இருக்கும். பக்கத்தில் உள்ள சேஞ்ச் என்பதை கிளிக் செய்து உங்கள் யூசர் பெயரைக் கொடுங்கள்.
4. உள்ளே இருக்கும் போல்டர்களுக்கும் உரிமையாளரை மாற்றும்படி கேட்கும் கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள்.
5. எல்லா விண்டோக்களையும் மூடிவிட்டு மீண்டும் செக்யூரிட்டி டேபுக்கு வந்து, எடிட் மூலம் உங்கள் பெயரைச் சேர்த்து புல் கன்ட்ரோல் கொடுங்கள்.

இதை உங்கள் டேட்டா போல்டருக்கு மட்டும் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சி டிரைவ் முழுவதற்கும் செய்தால் விண்டோஸே படுத்துவிடும்.

பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்ட டிஸ்க் என்றால் இந்த வழி உதவாது. அதற்கு 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் லாக்-இன் செய்ததும் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. கணக்கில் இருக்கும் அந்த எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் எழுத முடியாவிட்டால்

காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் காரணம், விண்டோஸ் முழுதாகத் தூங்கவில்லை. டிசைன்காரர் வீட்டில் இருந்தது இதுதான். விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி உள்ளது. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல், பாதி வேலையை டிஸ்க்கில் குறித்து வைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த முறை வேகமாக எழுந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த நிலையில் லினக்ஸ் எழுதினால், விண்டோஸின் குறிப்பும் டிஸ்க்கும் ஒத்துப்போகாமல் பைல்கள் கெட்டுவிடும். எனவே லினக்ஸ், படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்கிறது. சில நேரம் மவுண்ட் செய்யவே மறுக்கிறது. உங்கள் பைல்களைக் காப்பாற்றத்தான் மறுக்கிறது.

தீர்வு: விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பைத் தட்டுங்கள். அங்கே பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்து, ஷட் டவுன் கொடுங்கள். அவசரத்துக்கு, ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குள் வந்தாலும் போதும். ரீஸ்டார்ட்டின்போது விண்டோஸ் முழுதாகவே மூடும்.

டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருந்தாலும் இதே மாதிரி நடக்கும். அதற்கு, அந்த டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் டேபில் உள்ள செக் என்பதைத் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேமரா மெமரி கார்டு என்றால், பக்கவாட்டில் உள்ள சின்ன லாக் கீழே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது காரணம், மவுண்ட் செய்தது வேறு யூசர். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எப்.எஸ்., பென் டிரைவ்களில் உள்ள பேட்32, எக்ஸ்பேட் ஆகிய அமைப்புகளில் லினக்ஸின் உரிமையாளர் எண்கள் எழுதப்படுவதில்லை. எனவே மவுண்ட் செய்யும்போது என்ன சொல்கிறோமோ அதுதான் உரிமை. ரூட் மவுண்ட் செய்து எதுவும் சொல்லாமல் விட்டால், உரிமை ரூட்டுக்குப் போய்விடலாம். மவுண்ட் ஆன பிறகு அனுமதியை மாற்றும் கட்டளை கொடுத்தால், பல நேரங்களில் எதுவும் மாறாது. பலர் மணிக்கணக்காகப் போராடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது காரணம், டிஸ்க் லினக்ஸின் சொந்த அமைப்பான இ.எக்ஸ்.டி.4ல் இருக்கிறது. இதில் உரிமையாளர் எண் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். புதிதாக பார்மட் செய்த டிஸ்க்கின் உரிமையாளர் பெரும்பாலும் ரூட்டாகவே இருப்பார்.

விண்டோஸ் டிரைவுக்கு நிரந்தர அனுமதி

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து ஐ, டி என்ற இரண்டு எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டி எண்டர் கொடுங்கள். உங்கள் எண்ணும், நீங்கள் உள்ள குழுக்களின் எண்களும் வரும். 1000 என்று வைத்துக்கொள்வோம்.

1. டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து, இடப்பக்கம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கையும், வலப்பக்கம் உரிய பார்ட்டிஷனையும் தேர்வு செய்யுங்கள்.
2. பல்சக்கரப் பட்டனை அழுத்தி, எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். பக்கத்திலேயே பார்மட் என்ற வரியும் இருக்கும். அவசரத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள்.
3. மேலே உள்ள யூசர் செஷன் டிபால்ட்ஸ் என்பதை ஆப் செய்யுங்கள். கீழே உள்ள கட்டங்கள் இப்போது திறக்கும்.
4. ஆப்ஷன்கள் உள்ள நீளமான கட்டத்தில் ஏற்கெனவே சில சொற்கள் இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள். கடைசியில் ஒரு கமா போட்டு, யுஐடி=1000,ஜிஐடி=1000,யுமாஸ்க்=022 என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நடுவில் இடைவெளி விடாமல் சேருங்கள்.
5. ஓகே கொடுத்து, பாஸ்வேர்ட் தந்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

யுமாஸ்க் என்பது எதைக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லும் எண். 022 என்றால் உங்களுக்கு எல்லா அனுமதியும், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். 077 என்றால் உங்களைத் தவிர யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

ஏற்கெனவே இருந்த சொற்களில் நோபெயில் என்று ஒன்று இருக்கும். அது கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாமல், ஒரு நாள் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால், கம்ப்யூட்டர் பாதியில் நின்று கருப்புத் திரை காட்டிப் பயமுறுத்தும்.

லினக்ஸ் டிஸ்க் என்றால்

இங்கே மேற்சொன்ன எண்கள் வேண்டாம். உரிமையாளரை ஒரே முறை மாற்றினால் போதும். அந்த டிரைவைத் திறந்து, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டெர்மினலில் திறக்கும்படி கொடுங்கள். சூடோ (எஸ், யு, டி, ஓ), ஓர் இடைவெளி, சிஎச்ஓன் (சி, எச், ஓ, டபிள்யூ, என்), ஓர் இடைவெளி, உங்கள் யூசர் பெயர், ஓர் இடைவெளி, ஒரு புள்ளி. எண்டர் தட்டி பாஸ்வேர்ட் கொடுங்கள். கடைசியில் உள்ள புள்ளிக்கு "இப்போது நிற்கும் போல்டர்" என்று பொருள். நீங்கள் நிற்பது சரியான டிரைவில்தானா என்று தட்டுவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேல் வாசல் உங்கள் பெயருக்கு வந்துவிடும். அதன் பிறகு புதிய பைல்களை நீங்களே போடலாம்.

பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரா?

உபுண்டுவில் நீங்கள் செருகும் டிஸ்க் மீடியா என்ற போல்டருக்குள், உங்கள் யூசர் பெயரில் உள்ள அறையில் மவுண்ட் ஆகும். அந்த அறைக்குள் நீங்கள் மட்டுமே நுழையலாம். இன்னொருவர் லாக்-இன் செய்தால் அவருக்குத் தெரியாது. உள்ளே நிரந்தரமாக உள்ள டிஸ்க் என்றால், அதை மவுண்ட் செய்யவே சாதாரண யூசரிடம் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அதற்காக வீட்டில் எல்லோருக்கும் அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லிவிடாதீர்கள். பீரோவைத் திறக்க வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்த கதையாகிவிடும்.

சரியான வழி குழு. டிசைன்காரரிடம் இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள். இருவரும் டிசைனைத் திருத்த வேண்டும். பள்ளிக்குப் போகும் மகன் பார்த்தால் போதும். எனவே டிசைன் என்ற பெயரில் ஒரு குழு உருவாக்கி, உதவியாளர்களை அதில் சேர்த்தேன். உபுண்டுவில் குழு உருவாக்க சூடோ ஆட்குரூப், பிறகு குழுவின் பெயர். ஆளைச் சேர்க்க சூடோ ஆட்யூசர், பிறகு யூசர் பெயர், குழுவின் பெயர். சேர்ந்தவர் ஒரு முறை லாக்-அவுட் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும். அதன்பின் ஐடி கட்டளை கொடுத்தால் குழுவின் எண் தெரியும். மேலே சொன்ன கட்டத்தில் ஜிஐடிக்கு அந்த எண்ணையும், யுமாஸ்க்குக்கு 002 என்பதையும் கொடுங்கள். மவுண்ட் பாயிண்ட் கட்டத்தில், மீடியாவுக்குப் பதில் எம்என்டி என்ற போல்டருக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டிரைவ் மவுண்ட் ஆகிவிடும்; யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்காது. குழுவில் உள்ளவர் எழுதலாம், மகன் பார்க்கலாம்.

777 என்ற குறுக்கு வழி

இன்டர்நெட்டில் தேடினால், எல்லாவற்றுக்கும் 777 கொடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 777 என்றால் யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம், அழிக்கலாம். டேட்டா டிஸ்க்கில் இதைச் செய்தால் பாதுகாப்பு போகும். சிஸ்டம் போல்டரில் செய்தால் கம்ப்யூட்டரே முரண்டு பிடிக்கும். சூடோவின் செட்டிங் பைலை எல்லோரும் எழுதலாம் என்று ஆக்கிவிட்டால், சூடோ வேலை செய்ய மறுத்துவிடும். சரி செய்யவும் வழி அடைபடும். எனவே யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடுங்கள்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது நினைவிருக்கலாம். இந்தியாவிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் அது. அந்த லேப்டாப் உங்கள் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்து இதையெல்லாம் பழகிப் பாருங்கள். முக்கியமான பைல்கள் உள்ள டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன், முக்கியம் இல்லாத டிஸ்க்கில் ஒரு முறை செய்து பார்ப்பது எப்போதும் நல்லது.

கடைசியாக, வரிசையை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். முதலில் காப்பி. பிறகு விண்டோஸ் முழுதாக மூடியதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் எந்த அமைப்பில் உள்ளது என்று பாருங்கள். அதற்கு ஏற்ப மவுண்ட் ஆப்ஷனையோ உரிமையாளரையோ மாற்றுங்கள். இந்த வரிசையில் போனால், அனுமதி இல்லை என்று சொன்ன டிரைவ் பெரும்பாலும் அதே நாளில் திறந்துவிடும்.